செல்வராணி பணயம் வைத்த ரோலர்

சாஆ பட்டணத்தில் இறங்கி, "தார் செல்வராணி வீடு எங்கே?" என்று கேட்டுப் பாருங்கள். சீனர் கோப்பிக் கடையில் கேட்டாலும் சரி, மலாய்க்காரர் நாசி லெமாக் கடையில் கேட்டாலும் சரி, தலையை நிமிர்த்தாமலே கையை நீட்டிக் காட்டுவார்கள். அப்படி ஒரு பெயர். அப்பன் கொடுத்ததுமில்லை, புருஷன் கொடுத்ததுமில்லை. கொதிக்கிற தாரில் கையைச் சுட்டுக்கொண்டு தானே எடுத்த பெயர். இடது முழங்கைக்குக் கீழே அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. யாராவது அவளுடைய வேலையைக் குறைத்துப் பேசினால், சேலைத் தலைப்பை ஒதுக்கி அதைத்தான் முதலில் காட்டுவாள். "இதான்யா என் சர்ட்டிபிகேட்டு!"

பக்கத்துச் செம்பனைத் தோட்டத்தில் பிறந்தவள். தமிழ்ப் பள்ளியில் மூன்றாம் ஆண்டோடு படிப்பு முடிந்தது. பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் தம்பி தங்கைகளைத் தூக்கிச் சுமந்த இடுப்பு, பிறகு சரளைக் கல் கூடையைச் சுமந்தது. தோட்டத்து ரோட்டுக்குத் தார் போட வந்த கூட்டத்தோடு கல் பெருக்கப் போனவள், மேற்பார்க்கும் மண்டோர் சொல்வதற்கு முன்னாலேயே எந்த இடத்தில் தார் கூடுதல், எந்த இடத்தில் கல் குறைவு என்று சொல்ல ஆரம்பித்தாள். மண்டோருக்குக் கோபம் வரத்தான் செய்தது. வரட்டும் என்று விட்டுவிட்டாள். புருஷன் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தபோது, அழுது முடித்த கையோடு கொந்தராக்டர் லைசன்சுக்கு எழுதிப் போட்டாள். குவாரிக்காரன் துருப்பிடிக்க விட்டிருந்த ஒரு மஞ்சள் ரோலரை வாங்கி, ஓட வைத்தாள். இன்றைக்கு லாரி இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், ரோட்டை அறுக்கிற கட்டர் இருக்கிறது. எல்லாம் அந்த ரோலர் போட்ட பிள்ளைகள்தான். ஆயுத பூசையன்று முதல் பொட்டு அதற்குத்தான், வீட்டுச் சாமிக்குக்கூட அப்புறம்தான்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரே ஓர் இடத்தில் மட்டும் மானம் போய்க்கொண்டிருந்தது. அது அவள் குடியிருக்கும் தெரு.

கோயிலுக்குப் பின்னால், பழைய தோட்ட நிலத்தில் எழும்பிய சின்னக் குடியிருப்பு, தாமான் என்பார்கள். இரண்டு வரிசை வீடுகள், நடுவில் ஒரு தார் ரோடு. அந்த ரோட்டை நகராண்மைக் கழகம் இன்னும் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்ளவில்லை, அதனால் சீர் பார்ப்பது குடியிருப்பவர்கள் பாடு. வீட்டு வாசல்களில் எல்லாம் குழி. மோட்டார் சைக்கிள் குதிக்கும், பள்ளி வேன் வளைந்து வளைந்து போகும். செல்வராணி காசு வாங்காமலே மூட்டையில் வருகிற குளிர்ந்த தாரைக் கொட்டி, மண்வெட்டியால் தட்டி நிரப்பிப் பார்த்தாள். மழை பெய்ததும் அதே இடத்தில் வாயைத் திறந்துகொண்டது. திரும்ப நிரப்பினாள், திரும்பத் திறந்தது. ஊர் முழுக்க ரோடு போடுகிறவளின் சொந்தத் தெருவில் குழி! சிரிக்க மாட்டார்களா?

ஒரு வெள்ளிக்கிழமை பூசை முடிந்து, தாமான் சங்கத்துக் கூட்டம் கோயில் மண்டபத்தில் கூடியது. தலைவர் சோமு, சிங்கப்பூரில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேச்சில் பத்து வார்த்தைக்கு ஒரு சிங்கப்பூர் இல்லாமல் அவருக்கு நாக்கு புரளாது. ரோட்டுக்குச் சட்டமன்ற உறுப்பினரிடமிருந்து கொஞ்சம் ஒதுக்கீடு கிடைத்திருந்தது, வீட்டுக்கு வீடு போட்ட வசூலும் இருந்தது.

"மூவார்ல இருந்து ஒரு கொந்தராக்டர் வந்து பாத்தாரு. முழு ரோட்டுக்கும் மேல ஒரே சீரா மெல்லிசா தார் விட்டுடலாம்கறாரு. நம்ம கையில இருக்கற காசுக்குச் சரியா வருது. பளபளன்னு இருக்கும், சிங்கப்பூர் ரோடு மாதிரி" என்றார் சோமு.

கூட்டம் தலையாட்டியது. செல்வராணி எழுந்தாள்.

"அண்ணே, அது ரோடு இல்ல லா, தோலு. உள்ள புண்ணு ஈரமா இருக்கறப்ப மேல பவுடர் பூசுனா ஆறிடுமா? ஒரு மழை போதும், பழைய குழி புதுத் தோலைப் பிச்சிக்கிட்டு எட்டிப் பாக்கும்."

"நீ கொட்டுன மூட்டைத் தாரு மட்டும் ஆத்திடுச்சாக்கும்!" என்றாள் எதிர்வீட்டுச் சந்திரமதி. அவள் மகள் லோஷினிக்கு ஐப்பசியில் கல்யாணம் வைத்திருந்தார்கள். அதற்குள் தெரு பளிச்சென்று ஆகிவிட வேண்டும் என்று அவளுக்கு அவசரம். "தீவாளிக்குத் தீவாளி நாங்களும் பாக்கறோம் லா ராணிக்கா. பலகாரம் தீர்றதுக்கு முன்னாடி உன் தாரு தீந்துடுது."

மண்டபம் சிரித்தது. செல்வராணிக்குக் காது சுட்டது, ஆனாலும் உட்காரவில்லை.

"சிரிச்சு முடிச்சிட்டீங்களா? இப்பக் கேளுங்க. இது தோட்டத்து லாரி ஏறி ஏறி இறுகுன மண்ணு. ரோட்டுல முக்காவாசி கல்லு மாதிரி கெடக்கு. அதுல ஏன் காசைக் கொட்டணும்? கெட்டுப்போன எடத்தை மட்டும் சதுரமா அறுத்து, அடி வரைக்கும் தோண்டி, புதுக் கல்லு போட்டு இறுக்கி, சூட்டுத் தாரு போடுறேன். வெடிப்புல எல்லாம் தாரைக் காய்ச்சி ஊத்தி அடைக்கறேன். ரோட்டோர லோங்காங் சாக்கடையைச் சுத்தம் பண்ணித் தண்ணிக்கு வழி விடுறேன். இதே காசுல முடியும். ரெண்டையும் செய்யக் காசு கெடையாது. தோலா, வைத்தியமா, ஏதாவது ஒன்னு சொல்லுங்க."

"பாக்க எப்படி இருக்கும்?" என்றார் சோமு.

செல்வராணிக்குப் பொய் வராது. "ஒட்டுப் போட்ட கைலி மாதிரி இருக்கும். ஆனா கிழியாது."

"கிழிஞ்சிடுச்சின்னா?"

இந்தக் கேள்விக்கு விவரமுள்ள கொந்தராக்டர் எவனும் பதில் சொல்ல மாட்டான். செல்வராணி சொன்னாள். "அடைமழை முடிஞ்சு பொங்கலன்னிக்கு நீங்களே நடந்து பாருங்க. ஒரு குழி இருந்தாலும் என் ரோலரை வித்து, முழு ரோட்டையும் புதுசா போட்டுத் தரேன். இந்தச் சாமி சாட்சி."

மண்டபமே திரும்பி அவளைப் பார்த்தது. அந்த ரோலரை அவள் எப்படிப் பார்க்கிறாள் என்பது எல்லாருக்கும் தெரியும்.

சங்கம் வைத்தியத்துக்கே கை தூக்கியது, வேலை தொடங்கியது. அவளுடைய ரோலர் ஓட்டுநர் குணாளன், நரைத்த மீசையும் வாய் நிறையக் கிண்டலுமாக இருப்பவர். "அக்கா, ரோலரை வித்துட்டா நான் எதை ஓட்டறது? உங்க அம்மிக்கல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கட்டரைக் கிளப்பினார். சோமு வீட்டு வாசல் குழியைச் சுற்றிச் சதுரமாக அறுத்து, பெயர்த்து, ஈரமாகிச் சேறான அடிக் கல்லை அள்ளிப் போட்டார்கள். குழியின் அடியில் மண்வெட்டி 'டங்'கென்றது.

"அக்கா, புதையல்!"

குணாளன் இழுத்து எடுத்தது துருப்பிடித்த இரும்பு. விரல் தடிமன், முனை கூர், தலை ஒடிந்திருந்தது. அடுத்த குழியைத் தோண்டினார்கள். அங்கே இரும்பு இல்லை, ஆனால் தாரைத் துளைத்துக்கொண்டு நேராகக் கீழே இறங்கிய ஓர் ஓட்டை, அதைச் சுற்றிலும் ஈரம். மூன்றாவது குழியில் மறுபடி ஓர் ஒடிந்த இரும்பு.

செல்வராணி நிமிர்ந்து தெருவைப் பார்த்தாள். இத்தனை வருஷம் பார்த்த தெருதான், ஆனால் இப்போதுதான் கண்ணில் பட்டது. குழிகள் கண்ட இடத்தில் இல்லை. ஒவ்வொரு வாசலுக்கும் எதிரே, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக, ஜோடி ஜோடியாக இருந்தன.

"டெண்டு ஆணி!" என்றாள்.

வேறென்ன? இந்தத் தாமானில் எந்த வீட்டுக்கும் முற்றம் கிடையாது. கல்யாண நலங்கா, காதுகுத்தா, கருமாதியா, தீபாவளி விருந்தா, எதுவானாலும் ரோட்டை மறித்துக் கூடாரம் போட வேண்டியதுதான். கயிறு கட்ட இரும்பு முளையைச் சம்மட்டியால் தாரிலேயே இறக்குவார்கள். விசேஷம் முடிந்ததும் பிடுங்கிக்கொண்டு போவார்கள், வராததை ஒடித்து விடுவார்கள். அந்த ஓட்டை வழியாக மழைத் தண்ணீர் இறங்கி, அடிக் கல்லைக் கரைத்து, மேலே உள்ள தாரை உட்கார வைத்துவிடும். கேட் இருக்கும் இடம் மாறாது, ஆகவே முளை அடிக்கும் இடமும் மாறாது. அவள் குழியின் வாயை அடைத்துக்கொண்டே இருந்தாள். தெரு தொண்டையைத் திறந்துகொண்டே இருந்தது.

குணாளன் செல்வராணி வீட்டு வாசலைக் கண்ணால் காட்டினார். அங்கேயும் ஒரு ஜோடி. "உங்க மகன் கல்யாணத்துக்குப் போட்டது இருக்கே, தெருவுலயே பெரிய டெண்டு லா அக்கா."

"வாயை மூடிக்கிட்டு கட்டரைப் புடி!" என்றாள். ஆனால் முகத்தில் கோபம் இல்லை. நோய் இன்னதென்று தெரிந்துவிட்டது. பிறகு வைத்தியத்துக்கு என்ன பயம்?

சூட்டுத் தார் என்பது சோறு மாதிரி, ஆறினால் உதவாது. குவாரியிலிருந்து லாரி வந்து நின்ற பிறகு குழி வெட்டிக்கொண்டிருந்தால் காசு காற்றில் போகும். அதனால் செல்வராணி எல்லாக் குழிகளையும் முதலில் தயார் செய்து வைத்தாள். அடியில் உடைகல்லும் கல்தூளும் கலந்து போட்டு, ஓர் அடுக்கு இறுக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு. சதுரத்தின் ஓரங்களில் ஒட்டுத் தாரைத் தூரிகையால், பொட்டு வைப்பது போலத் தடவினாள். பிறகுதான் லாரியைக் கூப்பிட்டாள். புகை பறக்கப் பறக்கத் தாரைத் தள்ள, மஞ்சள் ரோலர் முன்னும் பின்னும் ஏறி இறங்கியது. கடைசிக் குழி இறுகும்போது லாரியில் ஒரு கூடைத் தார்கூட மிச்சமில்லை. படித்தவன் கணக்குப் போட்டால்கூட அப்படி வராது என்று அவளே சொல்லிக்கொண்டாள். பக்கத்தில் சொல்ல ஆள் இல்லையென்றால் என்ன, தன் காது இருக்கிறதே!

சோமு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தார். பழைய சாம்பல் ரோட்டில் கறுப்புச் சதுரங்கள், இடையிடையே வெடிப்புகளை அடைத்த கறுப்புக் கோடுகள்.

"அலமாக்! தாயம் ஆடுற கட்டம் மாதிரி இருக்கே. சிங்கப்பூர்க்காரன் பாத்தா என்னா சொல்லுவான்?"

"பொங்கலுக்கு வந்து பாக்கச் சொல்லுங்க."

ஐப்பசி வந்தது, லோஷினி கல்யாணமும் வந்தது. நலங்கன்று காலையில் கூடார வாடகைக்காரன் திருச்செல்வம் லாரியோடு வந்து இறங்கினான். இரும்புக் கால்களை இறக்கினான், துணியை இறக்கினான். சம்மட்டியையும் இரும்பு முளைகளையும் இறக்கியபோது செல்வராணி எதிர்வீட்டிலிருந்து கோப்பிக் கிண்ணத்தோடு வந்து, கறுப்புச் சதுரத்தின் நடுவில் நின்றாள்.

"தம்பி, ஆணி இறங்கக் கூடாது."

"அக்கா, வெளாடாதீங்க. ஆணி அடிக்காம டெண்டு எப்படி நிக்கும்? மதியம் காத்து வந்துச்சின்னா கெலாங் பாத்தா வரைக்கும் போய்த்தான் பொறுக்கணும்."

சத்தம் கேட்டுச் சந்திரமதி வெளியே வந்தாள். கையெல்லாம் மஞ்சள். "என்னா ராணிக்கா இது? என் மகள் கல்யாணத்தைவிட உன் ரோடு பெருசாப் போச்சா?"

"உன் மகள் கல்யாணத்துக்கு வர்ற சனம் பறந்தா வரப்போவுது? இந்த ரோட்டுலதான் நடந்து வரணும்."

"சும்மா இருக்கா. உன் ரோலர் போயிடும்னு பயம். அதுக்குத்தானே இந்தக் குதி குதிக்கற?"

"ஆமா! ரோலருக்காகத்தான் குதிக்கறேன். ஒளிச்சா பேசறேன்?" என்றாள் செல்வராணி. "கிழியாதுன்னு சாமி முன்னாடி சொல்லிட்டேன். ஒவ்வொரு ஆணியும் ஒரு குழி. தோண்டி எடுத்த இரும்பை எல்லாம் வெச்சிருக்கேன், வேணும்னா கொண்டாந்து கொட்டட்டுமா?"

"டெண்டு இல்லாம கல்யாண வீடுன்னு ஒன்னு உண்டா? வர்றவங்க எங்க உக்காந்து சாப்பிடுவாங்க, உன் லாரியிலயா?"

லாரி என்ற வார்த்தை செல்வராணி காதில் வேறு மாதிரி விழுந்தது. கோப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் திருச்செல்வத்தைப் பார்த்தாள்.

"தம்பி, ஆணி எதுக்கு? கயிறு எழும்பாம இருக்கத்தானே? கனமான ஒன்னுல கட்டுனா போதுமில்ல? என் ரோலர் எவ்ளோ கனம்னு தெரியுமா? ஒரு பக்கம் ரோலரை நிறுத்தறேன். அந்தப் பக்கம் கல்லு ஏத்துன லாரி. மத்த மூலைக்கு எண்ணெய்த் தோம்பு, அந்த இரும்புப் பீப்பாய்ல தண்ணி ரொப்பி வெப்போம். உன் டெண்டு பறந்தா பட்டணத்துக்கே நான் சோறு போடறேன்."

"முகூர்த்தக்கால்?" என்றாள் சந்திரமதி விடாமல். "அதையும் தோம்புலயா நடுவ?"

"சிமெண்டு வாளியில மண்ணு ரொப்பி நட்டுக்கலாம். தேங்காத் தண்ணியும் பாலும் ஊத்துனா சாமி வேணாம்னா சொல்லும்?"

"கல்யாண வாசல்ல தார் வண்டியா! மாப்பிள்ளை வீட்டுக்காரங்க மூவார்ல மேசை நாற்காலி விக்கிற பெரிய தளவாடக் கடை வெச்சிருக்கறவங்க. என்னா நெனைப்பாங்க?"

செல்வராணி காலிக் கிண்ணத்தை ஆட்டிக்கொண்டே திரும்பினாள். வீட்டுக்குப் போனாள். குணாளன் ரோலரை உருட்டிக்கொண்டு வந்தபோது அது கழுவித் துடைத்து மஞ்சளாக மின்னியது. முன் உருளையில் பட்டையாகத் திருநீறு, நடுவில் பெரிய குங்குமப் பொட்டு, மேலே மாவிலைத் தோரணம். நிறுத்தியதும் இரண்டு பக்கமும் குலை தள்ளிய வாழை மரத்தைக் கட்டினார்கள். சந்திரமதி இடுப்பில் கை வைத்துப் பார்த்தபடி நின்றாள். சிரிப்பு வந்துவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

"டெண்டு சாஞ்சுச்சி, அவ்ளோதான். மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முன்னாடியே உன்னைக் கேப்பேன்."

"கேளு. நின்னு பதில் சொல்றேன்."

மதியச் சோறு முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் சீர்த்தட்டுகளோடு வந்து உட்கார்ந்த நேரம். செம்பனைக் காட்டுப் பக்கம் வானம் கறுத்தது. முதலில் காற்றுதான் வந்தது. நாற்காலிகள் கவிழ்ந்தன, கூடாரத் துணி வயிறு உப்பி எழும்பியது. ரோலரில் கட்டிய கயிறு விறைத்து 'விண்'ணென்றது. ரோலர் அசையவில்லை. லாரியும் அசையவில்லை. "பாத்தியா!" என்று செல்வராணி திரும்பிய அதே நேரத்தில், கோயில் பக்கத்து மூலையில் இருந்த தண்ணீர்த் தோம்பு தரையை உரசிக்கொண்டு நகர்ந்தது.

அவளுடைய கணக்கில் விழுந்த ஓட்டை அது. ரோலர் கனத்தையே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தவள், ஒரு தோம்புத் தண்ணீர் காற்றுக்குப் பற்றுமா என்று யோசிக்கவில்லை. ஓடிப் போய்த் தோம்பைக் கட்டிப் பிடித்தாள். தோம்பு அவளையும் சேர்த்து இழுத்தது. பட்டுச் சேலை, மழை, வழுக்கல், எதையும் பார்க்கவில்லை. காலை ஊன்றிக்கொண்டாள். "ஆணி அடிச்சிடவா அக்கா?" என்று சம்மட்டியோடு ஓடி வந்த திருச்செல்வத்தைப் பார்த்துக் கத்தினாள்.

"அடிச்சே, அந்தச் சம்மட்டியாலயே உன்னை அடிப்பேன்!"

அப்போது பின்னால் ஹாரன் சத்தம். சோமு தம் பழைய வேனைப் பின்பக்கமாகவே ஓட்டிக்கொண்டு வந்தார். இரண்டு கூடாரக் கால்களுக்கு நடுவே, ஒரு நாற்காலியில்கூட உரசாமல், தோம்பு இருந்த மூலையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"கயித்தை சக்கரத்துல கட்டுங்க! நானும் வண்டியிலயே உக்காந்துக்கறேன், என் கனமும் சேரட்டும்!"

கட்டினார்கள். கூடாரம் இரண்டு தரம் எழும்பிப் பார்த்துவிட்டு அடங்கியது. கொட்டிய மழை கொட்டிக்கொண்டே இருந்தது, மேளக்காரர்கள் விட்ட இடத்திலிருந்து வாசித்தார்கள். நனைந்த கோழி மாதிரி நின்ற செல்வராணியின் தோளில் சந்திரமதி ஒரு துண்டைப் போட்டாள்.

"ரோடு பைத்தியம்" என்றாள். "போய்ச் சேலையை மாத்திக்கிட்டு வா. நலங்குக்கு நீ இல்லாம எப்படி?"

செல்வராணி உடனே போகவில்லை. மழைத் தண்ணீர் ரோட்டில் எப்படி ஓடுகிறது என்று பார்த்தாள். சதுரங்களின் மேல் ஏறி, எங்கேயும் நிற்காமல் வழிந்து, லோங்காங்கில் விழுந்தது. அதைப் பார்த்த பிறகுதான் வீட்டுக்குள் போனாள். மாப்பிள்ளையின் தகப்பனார், ரோலர் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்தப் படத்தைச் செல்வராணி இன்றுவரை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுகிறாள்.

அடைமழை கார்த்திகை, மார்கழி முழுக்க அடித்தது. பட்டணத்து ரோடுகளில் குழி விழுந்தது, தோட்டத்துப் பாதை சேறாகக் கிடந்தது. தாமானில் ஒரு காதுகுத்தும் ஒரு கருமாதியும் நடந்தன. இரண்டுக்கும் ரோலர் போய் நின்றது. கருமாதிக்கு மட்டும் மாவிலை கட்டவில்லை.

பொங்கலன்று, பால் பொங்கி இறக்கிய கையோடு, சோமு குடையும் செருப்புமாக வெளியே வந்தார். தெரு முழுக்க வாசலில் நின்று பார்த்தது. கோயில் முனையிலிருந்து தொடங்கினார். ஒவ்வொரு கறுப்புச் சதுரத்திலும் ஏறி நின்றார், குதிகாலால் மிதித்தார், குடை முனையால் ஓரத்தைக் குத்தினார். அவர் தெருவின் அந்தக் கோடி வரை போய்த் திரும்பி வரும்வரை செல்வராணி ரோலரில் சாய்ந்துகொண்டு நின்றாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. உள்ளங்கையை மட்டும் ரோலரின் மேல் அழுத்தி வைத்திருந்தாள்.

சோமு அவள் முன்னால் வந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"ஒட்டுப் போட்ட கைலிதான் ராணி. சந்தேகமே இல்ல."

"கிழிஞ்சிருக்கா அண்ணே?"

"இல்ல."

"அப்பக் கட்டிக்கிட்டு நடங்க!" என்றாள் செல்வராணி. குணாளனைப் பார்த்துக் கையசைத்தாள். ரோலர் கிளம்பியது. அடுத்த தாமானில் இன்னொரு தெரு காத்திருந்தது.